சில்லுக்கடியிற் சில்லு

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய மோட்டார் வண்டிகள் இன்றும் எதிர்ப்படுவதுண்டு. 1990 இன் பின் எரிபொருளும் உதிரிப் பாகங்களும் தடைப்பட்ட காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிக் குடாநாட்டு மக்களைச் சுமந்தவை அவை. அவற்றின் உயிரைக் காத்தவை நம்மூர்க் கராஜ்கள்.

நகரின் புறத்தே அத்தகைய கராஜ் ஒன்றைக் காணச் சென்றோம். மூன்று வண்டிக்கே இடமுள்ள கொட்டகையில் ஐந்து நின்றன. எஞ்சின் கழற்றிய மைனர் ஒன்றை இளைஞர் இருவர் பக்கவாட்டாகத் தள்ளிச் சுவரோரம் சேர்த்தமை எம்மை வியப்பில் ஆழ்த்தியது.

உற்று நோக்கினோம். வண்டியின் ஒவ்வொரு சில்லும் ஓர் இரும்புத் தட்டில் அமர்ந்திருந்தது. கோண இரும்பை வெட்டி ஒட்டிய சட்டம்; டயர் உருளாதிருக்க நடுவே பள்ளம்; மூலைதோறும் எத்திசையும் திரும்பும் சிறு சில்லு. யாவும் அங்கேயே பழைய இரும்பிற் செய்தவை.

எஞ்சினோடு கூடிய மைனரின் நிறை ஏறக்குறைய 750 கிலோ; தட்டொன்றின் பங்கு 190 கிலோ. தரை சமமின்றேல் அப்பாரம் இரண்டொரு சிறு சில்லிலேயே விழும். ஆதலால் ஒவ்வொன்றும் தன் பங்கினும் மிகுதியாகத் தாங்கவேண்டும். மணல் கிடந்தாலும் அவை தடைப்படும். தரையைக் கூட்டிய பின்னரே தள்ளுகின்றனர்.

“தம்பி, இது நகர்த்த மட்டுந்தான். இதை நம்பி அடியிலே படுக்காதே” என்று பயிலும் இளைஞனை எச்சரித்தார் முதியவர். வண்டியை அசையாத தாங்கிகளில் ஏற்றிய பின்னரே அவனை அடியிற் புகவிட்டார்.

இல்லாமை கற்பித்த கைத்திறனும் உயிரைப் பேணும் கட்டுப்பாடும் ஓரிடத்திற் சேர்ந்திருக்கக் கண்டோம். மாணவர் சென்று காணத்தக்க பாடசாலை அது.