கரும்புத் தீவு மொரீஷியஸ்

மார்கழிக் குளிரில் நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் சமயத்தில், மொரீஷியஸ் தீவின் பெண்மணிகள் விசிறியைத் தேடுகிறார்கள்! பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே பருவங்கள் தலைகீழ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை. ஆடி மாதத்தில் குளிர். குளிர் என்றதும் உதகமண்டலத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மெல்லிய சால்வை போதும்.

இந்துமகா சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலை கக்கிய குழம்பால் உண்டான தீவு இது. நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. பெரும்பாலான கரைகளைப் பவழப் பாறைகள் மதில்போல் காப்பதால், கரையோரக் கடல் நம் ஊர்த் தெப்பக்குளம்போல் சாதுவாக இருக்கும். ஆனால் கோடையோடு புயலும் வரும். 1960-ல் வீசிய 'கரோல்' புயல் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீடிழக்கச் செய்தது. அதன் பிறகே மர வீடும் தகரக் கூரையும் குறைந்து, கான்கிரீட் வீடுகள் பெருகின.

இந்தத் தீவுக்கு ஆதிகுடிகள் என்று யாரும் இல்லை. டோடோ என்ற பறக்கத் தெரியாத பறவைதான் சுகமாக வாழ்ந்துவந்தது. 1598-ல் டச்சுக்காரர்கள் வந்து, தங்கள் இளவரசர் மாரிஸின் பெயரைத் தீவுக்குச் சூட்டினார்கள். கரும்பைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. நூறு ஆண்டுகளுக்குள் டோடோ இனமே பூண்டற்றுப் போயிற்று. 1710-ல் டச்சுக்காரர்களும் மூட்டை கட்டினார்கள்.

அடுத்து வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1735-ல் கவர்னராக வந்த லபூர்தொனே போர்ட் லூயிஸ் துறைமுகத்தை எழுப்பினார். 1746-ல் நம் சென்னையைப் பிடித்தாரே, அதே மனிதர்தான்! கட்டட வேலைக்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் அழைத்துவரப்பட்டார்கள். ஆக, கரும்புத் தோட்டக் கூலிகள் வருவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே தமிழர் அங்கே கால் வைத்தாயிற்று.

1810-ல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1835-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1834 முதலே கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். மொத்தம் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அவர்கள் கரையேறிய 16 கல் படிகளை இன்றும் போர்ட் லூயிஸில் பார்க்கலாம். 2006 முதல் அந்த இடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். கைக்குழந்தையோடு அந்தப் படிகளில் ஏறிய தாய்மார்கள் எத்தனை பேரோ! பலர் ஊர் திரும்பவே இல்லை.

1968-ல் தீவு சுதந்திரம் பெற்றது. அந்நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் எழுத்து இருப்பதைக் காணலாம். 1998-ல் வெளியிட்ட புதிய நோட்டுகளில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள். முன்னால் வந்தவர்கள் நாங்கள் அல்லவா என்று தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே அச்சிட்டது. ஜனத்தொகையில் சிறுபான்மையினர் சாதித்த காரியம் இது!

இத்தனைக்கும் அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். தமிழைப் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை உண்டு. காவடி இறங்கியதும் வாழையிலையில் ஏழு கறிகளோடு சாப்பாடு உண்டு. பாட்டியின் பேச்சு மட்டும் இல்லை.

ஆனால் காய்கறிச் சந்தைக்குள் நுழைந்து காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கொத்துமல்லிக்குக் 'கோத்தோமிலி' என்கிறார்கள். பீர்க்கங்காய் 'பிப்பங்காய்' ஆகியிருக்கிறது. முருங்கைக்கீரை 'ப்ரேட் முரும்'. தமிழர் மட்டுமல்ல, சீனரும் ஆப்பிரிக்க வம்சத்தாரும் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பேரம் பேசுகிறார்கள்!