ஒரு பல்

அப்பாவின் கார் நடுரோட்டில் நின்றபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மணப்பாறை தாண்டி திண்டுக்கல் போகிற வழி. பின் சீட்டில் கல்யாணத்துக்குப் போகிற குடும்பம். முன்கூட்டி ஒரு சத்தமில்லை, புகையில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கிவிட்டது. திறந்து பார்த்த மெக்கானிக், "டைமிங் பெல்ட் அறுந்துருச்சுண்ணே. வால்வெல்லாம் பெண்டு. ஹெட்டை இறக்கணும்" என்றார்.

டைமிங் பெல்ட் என்பது உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை. கீழே கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது இதுதான். டீசல் எஞ்சின் காற்றை நெருக்கியே சூடாக்கி எரிபொருளைப் பற்றவைப்பது. அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் மிகக் கொஞ்சம். பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். கிராங்க் போன வேகத்தில் இன்னும் சுற்றும். திறந்தபடி நின்ற வால்வுகளில் பிஸ்டன் போய் மோதும்.

பெல்ட் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் எப்போதோ தாண்டியிருந்தது. செலவுக் கணக்கைக் கேட்டதும் அம்மாவிடம் சொன்னேன்: "எல்லாம் அப்பாவோட அசால்ட்டு." அவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவர் வாடகைக்கு ஓட்டுவதில்லை. சர்க்கரையில் பாதம் மரத்துப்போய்விட்டது. கார் வீட்டோடு நிற்கிறது. அதிகம் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். போன மாதம் ஒருநாள், "பெல்ட் மாத்தணும். நீ மாத்து, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். நான் கணினியில் வேலை பார்ப்பவன். ஆனாலும் சரி என்றேன்.

ஞாயிறு காலை. பேட்டரி ஒயரைக் கழற்றினோம். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கவைத்துவிட்டு மவுண்டை எடுத்தோம். கையால் சுற்றும்போது கம்ப்ரஷன் தடுக்காமலிருக்க ஹீட்டர் ப்ளக்குகளையும் கழற்றச் சொன்னார். குறிகளைப் பொருத்தி, அவற்றின் மேல் ஒயிட்னரால் கோடு போட்ட பிறகுதான் பழைய பெல்ட்டைத் தொடவிட்டார். கையில் வாங்கிப் பார்த்தேன். விரிசலே இல்லை. "பாத்தா தெரியாதுடா" என்றார்.

புது டென்ஷனர், புது பெல்ட். மாட்டி இறுக்கியதும் நான் சாவியைத் தேடினேன்.

"சாவி எதுக்கு? மொதல்ல கையால ரெண்டு சுத்து சுத்து."

இரண்டு சுற்று சுற்றினால்தான் கிராங்க் குறியும் கேம் குறியும் மறுபடி ஒன்றாக வந்து நிற்கும். பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு மெல்லச் சுற்றினேன். கீழே கோடு சரியாக வந்தது. மேலே ஒரு பல் தள்ளி நின்றது. டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட்டை விறைப்பாக வைக்காமல் தொய்வு விட்டிருக்கிறேன். இறுக்கும்போது அது நகர்ந்துவிட்டது.

மணி மூன்று. முதுகு விட்டுப்போயிருந்தது. "ஒரு பல்லுதானப்பா. ஓடும்ல?"

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடும். அன்னைக்கும் ஓடும்னுதான் நெனச்சேன். பெல்ட் வாங்க கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். ஒன் பீஸ் கட்ட மறுநாள் கடைசின்னு அம்மா போன் பண்ணா. இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்னு திரும்பிட்டேன்."

நான் எதுவும் சொல்லவில்லை.

"பீஸ் கட்டுனது தப்பில்ல. ஆனா ஆளை ஏத்திக்கிட்டு ஓட்டுனேன் பாரு, அது தப்பு. பின்னாடி சின்னப் புள்ளைங்க இருந்துச்சு. கழட்டு."

கழற்றினேன். விறைப்பான பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து மாட்டினேன். இரண்டு சுற்று. குறிகள் பொருந்தின. இன்னும் இரண்டு சுற்று சுற்றச் சொன்னார். அப்போதும் பொருந்தின.

எல்லாவற்றையும் பூட்டி முடிக்க இருட்டிவிட்டது. சாவியை அவரிடம் நீட்டினேன். "நீயே போடு" என்றார். இரண்டாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒயிட்னரை வாங்கி, நடுங்கும் கையால் பெல்ட் கவர் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதினார்.

அன்று திண்ணையில் அவர் காதில் அந்தச் சொல் விழுந்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை.