சரிபார்க்க இடம்விட்டு எழுதுவது

ஜிந்துப்பிட்டி, திங்கள் இரவு

தொழில்நுட்பம் பற்றி எழுதிப் பழக விரும்பும் மென்பொருள் பொறியியலாளர்களுக்குக் கொழும்பில் முதலில் கிடைக்கும் அறிவுரை மொழியைப் பற்றியதாகவே இருக்கிறது. ஆங்கிலத்தைச் செப்பனிடு, வாக்கியத்தைக் குறுக்கு, தலைப்புக் கண்ணை இழுக்கட்டும், நடுவில் ஒரு படம் போடு. இவற்றில் எதுவும் பிழையில்லை. ஆனால் இவற்றிலிருந்து தொடங்குகிறவர்களின் எழுத்து வழவழப்பாகிக்கொண்டே போகிறதே தவிர, வாசித்து முடித்தவரின் வேலைக்கு உதவுவதில்லை. தொழில்நுட்ப எழுத்து முன்னேறுவதற்கு வேறொரு வாசல் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாசிப்பவர் தன்னுடைய கணினியில் செய்துபார்த்து, "ஓம், இப்படித்தான் வருகிறது" என்றோ, "இல்லை, எனக்கு இது வரவில்லை" என்றோ சொல்ல முடிகிற விதத்தில் எழுதுவதுதான் அது. எந்தப் பதிப்பு, எந்த உள்ளீடு, என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எங்கே இது உடையும் என்பவற்றை வைத்துவிட்டால் சாதாரண நடையும் போதும். இவை இல்லாவிட்டால் எந்த நடையும் கைகொடுக்காது.

நம்முடைய பிரச்சினை ஒன்றையே எடுத்துப் பார்க்கலாம். இலங்கையில் தமிழ் அச்சுக்கோப்பு கணினிக்கு வந்த பிறகு நெடுங்காலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. கலியாண அழைப்பிதழ், பாடசாலை மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், கவிதைத் தொகுதி என்று எண்ணற்ற கோப்புகள் அதில் கிடக்கின்றன. பாமினி தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் வைத்திருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தது. 'எம்' இருக்கும் இடத்தில் அகரம், 'கே' இருக்கும் இடத்தில் மகரம். எழுத்துருவை எடுத்துவிட்டால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். அந்தக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் வேலை இன்னும் ஓயவில்லை. அதைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளில் வழக்கமாக இருப்பது ஒரே வரிதான்: மாற்றியில் ஒட்டுங்கள், தமிழ் வந்துவிடும். பெரும்பாலும் வந்தும்விடுகிறது. அதனால்தான் அந்த வரியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

கேள்வி கேட்கத் தொடங்கினால் 'வெள்ளவத்தை' என்ற ஊர்ப்பெயரே ஒரு பாடமாகிவிடும். பாமினியில் 'வெள' என்று தட்ட முதலில் கொம்பு, பிறகு வகரம், பிறகு ளகரம். 'வௌ' என்ற ஔகார எழுத்துக்கும் அதே மூன்று தட்டல்கள்தான். ஔகாரத்தின் வலப்பக்க வடிவத்துக்கென்று தனி இடம் கிடையாது, ளகரமே அந்த வேலையையும் பார்த்தது. காகிதத்தில் இதனால் ஒரு குறையும் வரவில்லை. ஒருங்குறியில் எகரக் குறியும் ஔகாரக் குறியும் வெவ்வேறு குறியீடுகள். மாற்றி அந்த மூன்று தட்டல்களையும் எப்போதும் ஔகாரம் என்றே எடுத்துக்கொண்டால் வெள்ளவத்தை 'வௌ்ளவத்தை' ஆகிறது, வெளியீடு 'வௌியீடு' ஆகிறது. வேகமாக வாசிப்பவரின் கண்ணுக்கு இது பெரிதாகப் படாது. தேடுபொறிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். வெள்ளவத்தை என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் இல்லாத பக்கம்தான். இலங்கைத் தமிழ்த் தளங்களில் இந்த 'வௌியீடு' இன்றும் கண்ணில் படுகிறது.

இதைக் குறிப்பாக எழுத உட்காருகிறவர், "சில இடங்களில் பிழை வரும்" என்று முடித்துவிடலாம். எந்த இடங்களில் என்று சொல்ல முனைந்தால்தான் விதி கண்ணில் படுகிறது. ஔகாரக் குறிக்குப் பின் தமிழில் புள்ளியோ வேறொரு உயிர்க்குறியோ வர முடியாது. ஆகவே அந்த ளகரத்தை அடுத்துப் புள்ளியோ இகரக் குறியோ கால் குறியோ நின்றால், அது ளகரமேதான். வெள்ளம், வெள்ளி, வெளி, வெளியீடு எல்லாம் இந்த ஒரு சோதனையில் தப்பிவிடும். ளகரம் எதையும் ஏற்காமல் தனித்து நிற்கும் சொற்களை மட்டும் மனிதக் கண் பார்த்தால் போதும். அவற்றிலும் பெரும்பாலானவை கௌரவம், பௌர்ணமி, வௌவால் போன்ற மெய்யான ஔகாரங்களாகவே இருக்கும். எழுதியவர் ஏற்கெனவே அறிந்திருந்ததை அல்ல, எழுதும்போது கண்டுபிடித்ததை இந்தக் குறிப்பு சொல்கிறது. எழுத்துத் திறனும் தொழில் திறனும் இவ்விடத்தில் பிரிக்க முடியாதவை.

செவ்வாய்

மெருகு இல்லாமல் எழுதலாமா என்ற தயக்கத்துக்கு இணையத்தின் தொடக்க நாட்களிலேயே விடை இருக்கிறது. 1969 ஏப்ரலில் ஆர்ப்பாநெட் வலையமைப்புக்கான விதிகளை வகுக்க முனைந்தவர்களில் பலர் பட்டப்பின்படிப்பு மாணவர்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் குரொக்கர் தொடங்கிவைத்த ஆர்எஃப்சி என்னும் குறிப்பு வரிசைதான் பின்னர் இணையத்தின் விதிநூல்களாக வளர்ந்தது. அவ்வரிசையின் மூன்றாவது குறிப்பு, குறிப்புகளை எப்படி எழுதுவது என்பது பற்றியே பேசுகிறது. மெருகைவிடக் காலத்தோடு வருவது முக்கியம், முன்னுரையில்லாத யோசனையும் விடையில்லாத கேள்வியும் வரலாம், ஒரு வாக்கியம் இருந்தாலும் போதும் என்பது அதன் சாரம். எழுதப்பட்டதெல்லாம் இறுதித் தீர்ப்பு என்ற எண்ணம் பரவினால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று குரொக்கர் அஞ்சினார். ஆனால் அதே குறிப்பு இலக்கம், பெயர், நிறுவனம், திகதி, தலைப்பு ஆகியவை கட்டாயம் என்கிறது. மெருகில் விட்டுக்கொடுத்த இடத்திலும் அடையாளத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. யார், எப்போது சொன்னார் என்று தெரிந்தால்தானே மறுக்க முடியும்?

திகதி போடாத தொழில்நுட்பக் குறிப்பு எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகிறது. நாலு பதிப்புக்கு முந்திய கட்டளையை நேற்று எழுதியதுபோல் நம்பிச் செய்து, இரவிரவாகத் தடுமாறுகிறவர் பெரும்பாலும் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளையாக இருக்கும்.

வியாழன்

தோல்வியை எழுதினால் பெயர் கெடும் என்பது அடுத்த தடை. 2019 ஜூலை 2 ஆம் திகதி கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வலையமைப்பு உலகெங்கும் 27 நிமிடம் படுத்தது. எண்ணற்ற இணையத்தளங்கள் அதன் வழியாகவே வாசகரைச் சென்றடைவதால் அவையும் சேர்ந்தே விழுந்தன. பத்து நாட்களில் அதன் தொழில்நுட்பத் தலைவர் ஜோன் கிரகாம்-கம்மிங் வெளியிட்ட நீண்ட விளக்கத்தை, எழுதிப் பழகும் ஒவ்வொருவரும் பேனாவும் கையுமாக வாசிக்கவேண்டும். வருந்துகிறோம் என்று சொல்லி அது நின்றுவிடவில்லை. பாதுகாப்பு விதியொன்றில் இருந்த ஒரு தேடற்கோலம் எப்படிப் பின்னோக்கித் திரும்பித் திரும்பிப் பொருத்தம் தேடி கணினிகளின் மத்திய செயலகத்தின் (சிபியூ) வலுவையெல்லாம் விழுங்கியது என்பதை, உள்ளீடு கொஞ்சம் நீளும்போது படிகள் எவ்வளவு பெருகுகின்றன என்ற கணக்கோடு பின்னிணைப்பில் காட்டுகிறது. அந்தக் கோலத்தை எவரும் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். அதைவிடப் பெறுமதியானது இன்னொன்று. அந்த வரி ஒன்றால் மட்டும் விபத்து நடக்கவில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. அளவுமீறிய செயலகப் பயன்பாட்டைத் தடுக்கும் காப்பு சில வாரங்களுக்கு முன் தவறுதலாக அகற்றப்பட்டிருந்தது. இவ்வகை விதிகள் படிப்படியாகப் போகாமல் உலகமெங்கும் ஒரேயடியாகப் போகும்படி நடைமுறை இருந்தது. கோளாறைத் திருத்த வந்த ஊழியர்களுக்கே உள்ளகக் கருவிகளுக்குள் நுழைவது சிரமமாயிற்று. ஒரு காரணத்தைக் கண்டவுடன் எழுத்தை நிறுத்துகிறவருக்கு இந்தச் சங்கிலி கிடைக்காது.

அது பெரிய கொம்பனி, மேலிடமே எழுதச் சொன்னது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் கொழும்பு ஊழியருக்கு அந்தச் சுதந்திரம் ஏது என்று கேட்பது நியாயம். வாடிக்கையாளரின் தரவும் நிரலும் அவர்களுடையவைதான், அவற்றைத் தொடக்கூடாது. ஆனால் கோளாறின் கரு அநேகமாக வாடிக்கையாளருக்கே உரிய இரகசியமாக இருப்பதில்லை. அதே கோளாறு தோன்றுகிற மிகச் சிறிய மாதிரியைப் புதிதாகச் செய்து, அதிலிருந்து எழுதவேண்டும். அப்படிச் சுருக்கும்போது தேவையற்றவை உதிர்ந்து காரணம் தனித்துத் தெரியும். அதன் பிறகும் ஐயம் இருந்தால் மேலதிகாரியிடம் கேட்டுவிடலாம். கேட்பதற்குமுன் கையில் சிறிய மாதிரி இருந்தால் பதில் 'ஓம்' ஆவதற்கு வாய்ப்பு அதிகம்.

போயா விடுமுறை

தமிழில் எழுதினால் யார் வாசிப்பார்கள் என்ற கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. ஒரு கொம்பனியின் உள்ளே ஓடும் நிரல் பற்றியும் உலகளாவிய திறந்த மூலத் திட்டம் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதுவதே முறை. வாசகர் அங்கே இருக்கிறார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கை நிரலாளர்கள் உருவாக்கிய 'சகனா' அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் பயன்பட்டது. அப்படியொரு மென்பொருளின் விளக்கங்கள் தமிழில் மட்டும் இருந்திருந்தால் அங்குள்ளவர்களுக்கு உதவியிராது. ஆகவே மொழி ஒரு கொள்கைப் பிடிவாதம் அல்ல. வாசகர் யார் என்று முடிவுசெய்துவிட்டால் மொழி தானே முடிவாகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் இதை 19 ஆம் நூற்றாண்டிலேயே செய்துகாட்டியவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847 இல் வந்து மானிப்பாயில் நிலைகொண்ட அவர், முதலில் உள்ளூர் இளைஞர்களுக்கு ஆங்கிலத்தில்தான் மேலைமருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்திலேயே தங்கி வைத்தியம் பார்ப்பார்கள் என்று கண்டபின் 1860களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, அறுவை, பேறுகால மருத்துவம் ஆகியவற்றுக்குத் தமிழ்ப் பாடநூல்கள் அவர் முயற்சியில் வந்தன. 'இரணவைத்தியம்' 1867 இல் வெளியானது. தன் மாணவர்களையே மொழிபெயர்ப்பிலும் திருத்தத்திலும் ஈடுபடுத்தினார். நாளை அந்த நூலை வைத்துக்கொண்டு நோயாளிமுன் நிற்கப்போகிறவர்களே அதன் வாக்கியங்களைச் சோதித்தார்கள். பிழையான வாக்கியத்தின் விலை அங்கே ஒரு உயிர்.

இன்றைக்கு அந்தக் கிராமத்து வைத்தியரின் இடத்தில் இருப்பவர்களைக் கொழும்பின் இந்தத் தெருக்களிலேயே காட்டலாம். கடைகளின் பற்றுச்சீட்டு இயந்திரத்தைத் திருத்துகிறவர், அச்சகத்தில் வடிவமைப்புச் செய்கிறவர், தகவல் தொழில்நுட்பத்தைத் தமிழ்மொழி மூலம் சாதாரண தரத்துக்குப் படிப்பிக்கும் ஆசிரியர். மேலே சொன்ன 'வௌ்ளவத்தை'ச் சிக்கல் அவர்களுடையதுதான், ஆங்கிலத்தில் அதை எழுதி யாருக்கு என்ன பயன்? தமிழ்நாட்டில் 2012 இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் லினக்ஸ் முதல் தரவுத்தளம் வரை எளிய தமிழில் தொடர்கள் வெளியிட்டு, அவற்றை மின்னூல்களாகவும் தந்திருக்கிறது. வாசகர் இல்லை என்று எண்ணிக் காத்திருந்தால் அவை வந்தே இருக்கமாட்டா.

ஞாயிறு

இனிமேல் இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே எழுதித் தராதா என்ற கேள்வி எஞ்சுகிறது. மொழியைச் செப்பனிடுவதில் அது வல்லதுதான், அந்த உதவியை வாங்கிக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் உங்கள் அச்சகத்துக் கோப்பில், உங்கள் மாற்றியின் அந்தப் பதிப்பில், மூன்று தட்டல்கள் எதுவாக வந்தன என்பது நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். சொல்லாதபோது அது பொதுவாக நடப்பதை எழுதும், வாசிப்பவருக்கு அது நடந்ததுபோலவே தோன்றும். ஆகையால் செய்துபார்த்தவரின் சாட்சியத்துக்கு முன்னைவிட இப்போது தேவை கூடியிருக்கிறது. ஏற்கெனவே யாரோ எழுதிவிட்டார்கள் என்ற தயக்கத்துக்கும் பதில் இதுதான். இன்னொரு பதிப்பில், இன்னொரு கோப்பில் அதே முடிவு வந்தது என்பதும் புதிய செய்தியே. வராவிட்டால் அது இன்னும் பெரிய செய்தி.

பாமினி விடயத்தில் அவசரமும் இருக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சில் வந்த ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்திக் காத்துவருகிறது. அச்சுக்கு முந்திய கணினிக் கோப்புகளோ பழைய வன்தட்டுகளிலும் குறுவட்டுகளிலும் கிடக்கின்றன. அவற்றில் தமிழ் வரிக்கு நடுவே ஆங்கிலச் சொல்லும் வரும், மாற்றி அதையும் தமிழென்று எண்ணிக் குழப்பும். எந்த அச்சகத்தில் எந்த எழுத்துருவின் எந்தத் திருத்திய வடிவத்தைப் பாவித்தார்கள், கிரந்த எழுத்துகளை எங்கே வைத்தார்கள், ஆங்கிலத்துக்கு எப்படி எழுத்துரு மாற்றினார்கள் என்பதெல்லாம் அக்கோப்புகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அவர்களில் பலர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். மாற்றிக்கான நிரல் எழுதும் இளம் நிரலாளர் ஒருவர் அவர்களிடம் போய் ஒரு பழைய கோப்பைத் திறந்துவைத்து, உடையும் ஒவ்வொரு சொல்லையும் அதன் தட்டல் வரிசையோடும் சரியான வடிவத்தோடும் திகதியோடும் குறித்துக்கொண்டு வரவேண்டும். முதற் குறிப்பு 'வெள', 'வௌ' பற்றியதாகவே இருக்கலாம். அடுத்ததைக் கோப்பே சொல்லும்.