வீடு முழுவதுமா, ஓர் அறை மட்டுமா?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர் இருப்பிடம் சேர்ந்த மறுவாரமே, எங்கள் ஊரில் வெய்யிலோன் தன் தேரை ஓட்டத் தொடங்கிவிடுவான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1200 அடி உயரத்திலுள்ள ஊர், மலை சூழ்ந்த ஊர், மிளகும் சாதிக்காயும் கொக்கோவும் விளையும் ஊர் என்று கேள்வியுற்று வருகின்றவர்கள், "இங்கேயும் குளிரூட்டும் பொறி வேண்டுமா?" என்று வியப்பதுண்டு. பங்குனி சித்திரையில், நண்பகல் வேளையில், அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் அரைமணி நேரம் அமர்ந்து பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். மாவட்டத்தின் வடபாலுள்ள தம்புள்ளை, கலேவெலைப் பகுதியினர் எங்களிலும் கூடுதலாக வேகின்றனர்.

2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் வெப்பம் எல்லை மீறியது. வளிமண்டலவியல் திணைக்களம் பல மாவட்டங்களுக்கு வெப்ப எச்சரிக்கை விடுத்த காலம் அது. எங்கள் தாயாருக்கு அப்பொழுது வயது எண்பதைத் தாண்டியிருந்தது, இருதயமும் பலவீனம். முதியோரின் உடல் வியர்த்துத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் திறன் குறைந்துவிடும் என்றும், தாகத்தைக்கூட அவர்கள் சரிவர உணரமாட்டார்கள் என்றும், அறையைக் குளிர்ச்சியாக வைத்திருத்தல் அவசியம் என்றும் வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மின்விசிறியோ சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தது.

கட்டாரில் தொழில் பார்க்கும் என் தம்பிக்கு இச்செய்தி எட்டியது. அன்றிரவே தொலைபேசியில் பேசினான். "அண்ணா, அம்மாவின் அறைக்கு மட்டும் போடாதீர்கள். மூன்று அறைக்கும் போடுங்கள். பணம் நான் அனுப்புகிறேன். ஒற்றைக் காம்பிரா லயத்தில் எங்களை வளர்த்தவள் அம்மா. இப்பொழுது வீடு முழுவதும் அவளுக்குக் குளிரட்டும்" என்றான்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில், நாங்கள் ஆறு பேர் வாழ்ந்தோம். அடுப்பும் அங்கேதான், படிப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். "பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை இருக்க வேண்டும்" என்பதே கொழுந்துக் கூடை சுமந்த காலமெல்லாம் என் தாயார் கண்ட கனவு. நான் ஆசிரியத் தொழிலில் சேர்ந்து, கடன்பட்டு, அளுவிகாரைக்குச் செல்லும் வழியில் மூன்று அறைகள் கொண்ட வீட்டைக் கட்டியபோது, ஒவ்வோர் அறையின் கதவையும் அவர் தடவிப் பார்த்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, கடைக்குச் சென்றேன். அங்கேதான் இப்பொருளில் இருவகை உண்டென்பது தெரியவந்தது.

ஊரார் 'ஏசி' என்று சுருங்கச் சொல்லும் வளிச்சீராக்கியின் தத்துவம் எளியது. திரவமொன்று ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைப் பறித்துக்கொள்ளும். மண்பானையில் நீர் குளிர்வதும் இதனாலேயே. அறையினுள் சுவரிலே தொங்கும் பெட்டியில் குளிரூட்டும் திரவம் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றது. அந்த ஆவி செம்புக் குழாய் வழியே வெளிப்பெட்டியை அடைகின்றது. அங்கே அமுக்கி அதனை அமுக்க, அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மீண்டும் திரவமாகித் திரும்புகின்றது. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் பகுதி அச்சகமொன்றில், ஈரத்தினால் காகிதம் விரிந்து சுருங்கி வர்ணங்கள் இடம் மாறுவதைத் தடுப்பதற்காக வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் வகுத்த முறையே நவீன வளிச்சீராக்கத்தின் தொடக்கம் என்பர். காகிதத்துக்குச் செய்த உபகாரம் பின்னர் மனிதனுக்கும் கிட்டியது.

நிற்க. ஓர் உட்பெட்டிக்கு ஒரு வெளிப்பெட்டி என்பது முதல் வகை. ஒரே பெரிய வெளிப்பெட்டி; அதிலிருந்து பிரியும் குழாய்கள் இரண்டு முதல் ஐந்து அறைகள் வரையில் செல்லும் என்பது இரண்டாம் வகை. மாடிக் கட்டடங்களுக்கென 1982ஆம் ஆண்டில் ஜப்பானின் டைக்கின் நிறுவனம், ஒரு வெளிப்பெட்டியிலிருந்து பல அறைகளுக்குத் தேவைக்கேற்பத் திரவத்தைப் பகிரும் ஏற்பாட்டை வெளியிட்டது. வீடுகளுக்கான இரண்டாம் வகையும் ஏறக்குறைய அந்த இனத்தைச் சேர்ந்ததே.

விற்பனையாளர் இளைஞர் இரண்டாம் வகையையே புகழ்ந்தார். "ஐயா, வெளியிலே ஒரு பெட்டிதான். வீட்டின் அழகு கெடாது. மூன்று அறையிலும் வேண்டியபோது போடலாம், வேண்டாதபோது நிறுத்தலாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தம்பியின் விருப்பமும் அதுவே. முற்பணம் கட்ட எழுந்தவனை என் மனைவி தடுத்தாள். "பெட்டிக்குத் தம்பி பணம் தருவார். மாதாமாதம் மின்சாரத்துக்கு யார் தருவார்?" என்று மெல்லக் கேட்டாள்.

அவள் கேட்டதில் குற்றமில்லை. 2022ஆம் ஆண்டின் மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை இருளில் கிடந்தவர்கள் நாங்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தன. பின்னர் சில தடவை குறைந்ததும் உண்டு. எனினும், அலகுகள் கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும் முறை, ஆசிரியர் சம்பளக்காரனின் இல்லத்தில் மறக்கக் கூடியதன்று.

எனவே, முற்பணம் கட்டாமல் திரும்பி, இத்துறையில் இருபது ஆண்டுகள் கைபழகிய திருத்துநர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவர் முதலில் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை, அளவுநாடாவை எடுத்தார். பின்பு கூரையைப் பார்த்தார். மேற்கு யன்னலைப் பார்த்தார். அதன் பின்னரே வாய் திறந்தார்.

"வாத்தியார், குளிரை 'தொன்' கணக்கில் சொல்வார்கள். 2000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் எவ்வளவோ, அதுவே ஒரு தொன். மணிக்கு 12,000 பீ.ரீ.யூ. என்பதும் அதுதான். உங்கள் அம்மாவின் அறை 120 சதுர அடி. 9,000 போதும், ஆனால் கூரைக்குக் கீழே சீலிங் அடித்து, மேற்கு யன்னலுக்கு நிழல் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் 18,000 போட்டாலும் கூரைக்குத்தான் குளிரூட்டுவீர்கள்" என்றார்.

மூன்று அறைக்கும் ஒரே பெட்டி என்ற யோசனையைச் சொன்னேன். அவர் அதனை இகழவில்லை, கணக்காக விளக்கினார்.

"மூன்று அறைக்கும் சேர்த்து 27,000 அளவில் ஒரு வெளிப்பெட்டி வாங்குகிறீர்கள். பெரும்பாலான இரவுகளில் ஓடப்போவது அம்மாவின் அறை ஒன்றுதான். இக்காலத்து இன்வேட்டர் பொறி தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது மெய்யே. ஆனால் குறைவதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? பெரிய பொறியின் மிகக் குறைந்த வேகமே ஒரு சிற்றறையின் தேவையை மிஞ்சினால், அது அடிக்கடி நின்று நின்று ஓடும். மின்சாரமும் வீண், அமுக்கிக்கும் தேய்மானம். கல்யாணக் கிடாரத்தில் ஒருவருக்குக் கஞ்சி காய்ச்சுவது போல."

மேலும் சொன்னார்: "ஒரு வெளிப்பெட்டி பழுதானால் மூன்று அறையும் சூடு. எங்காவது குழாய் கசிந்தால் அந்த வழியே சேமிப்பில் உள்ள திரவம் முழுவதும் போகலாம். இன்று அதிகம் வரும் ஆர்-32 என்ற வாயு, பழைய ஆர்-410ஏ வாயுவை விடச் சூழலுக்குக் குறைந்த தீங்குடையது. என்றாலும் கரியமிலவாயுவைப்போல் 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வீணே விடக்கூடியதன்று. அத்துடன், உட்பெட்டி ஒன்று கெட்டால் அதே நிறுவனத்தின், அந்த வெளிப்பெட்டிக்கு இசைவான பெட்டியையே தேட வேண்டும்."

"அப்படியானால் அந்த வகை எவருக்கும் உதவாதோ?" என்றேன்.

"உதவும். திருகோணமலை வீதியில் கடையோடு ஒட்டிய மாடி வீடுகளைப் பாருங்கள். இருபுறமும் அயலார் சுவர். வெளிப்பெட்டி வைக்க ஓரிடமே உண்டு. அத்தகைய வீட்டில் நாலு அறையிலும் ஒரே வேளையில் ஆட்கள் இருந்தால் அந்த வகையே சிறந்தது. உங்களுக்கோ வீட்டைச் சுற்றி நிலம் இருக்கிறது. ஓர் அறையில்தான் அவசரம் இருக்கிறது."

அன்றிரவு தம்பியிடம் விடயத்தைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். "சிக்கனம் பார்க்கிறீர்களா, அண்ணா?" என்றான். அக்கேள்வி என்னை வருத்தியது. அவன் அனுப்பும் பணத்தை நான் மறுக்கவில்லை, அதனை மூன்று அறைக்கும் சீலிங் அடிக்கவும் அம்மாவின் அறைக்கு ஒரு பெட்டி வாங்கவும் செலவிடுவேன் என்று விளக்கியபோதும், அவன் மனம் முழுவதும் ஆறவில்லை என்பதைக் குரலில் உணர்ந்தேன்.

அம்மாவோ, "எனக்கு என்னாத்துக்கு ஐயா இந்தச் செலவு? பிள்ளை படிக்கிற அறைக்குப் போடு" என்றார். வைத்தியரின் பெயரைச் சொல்லித்தான் அவரை இணங்கச் செய்தோம்.

9,000 பீ.ரீ.யூ. கொண்ட ஒற்றைப் பெட்டி சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னதாகப் பூட்டப்பட்டது. பூட்ட வந்த வேலையாள் ஒருவர் நீர் வடியும் குழாயைச் சரிவின்றி அமைத்துவிட்டமையால், மூன்றாம் நாள் இரவு உட்பெட்டியிலிருந்து அம்மாவின் கால்மாட்டில் நீர் சொட்டியது. திருத்துநர் வந்து குழாயை வெளிப்புறமாகத் தாழ்த்திவிட்ட பின் சரியாயிற்று. காற்று படுக்கையின்மேல் நேரே விழாதவாறு தகட்டை மேல்நோக்கித் திருப்பி, 26 பாகை செல்சியஸில் வைத்து, கதவின் கீழிடைவெளியைத் துணிச்சுருளால் அடைத்தோம். முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் கிலோவாற்று இழுக்கும் பொறி, அறை குளிர்ந்தபின் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

அதன் பின்னர் நடந்ததை நாங்கள் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. முதல் இரவு என் மகன் பாயைச் சுருட்டிக்கொண்டு அப்பாயியின் அறைக்குச் சென்றான். மறுநாள் மகள் சென்றாள். அவ்வாரம் முடிவதற்குள் நானும் மனைவியும் தலையணைகளுடன் அங்கேயே போய்ச் சேர்ந்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை; உள்ளே ஐவர். ஆளுக்கோர் அறை கட்டிய வீட்டில் இரண்டு அறைகள் வெறுமனே கிடந்தன.

விளக்கணைத்த பின் அம்மா இருளில் சொன்னார்: "லயத்துல மாதிரியே இருக்கு." அது மகிழ்ச்சியில் வந்த சொல்லா, ஏக்கத்தில் வந்த சொல்லா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் இரவுதோறும் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். நான்கூட அறிந்திராத கதைகள் அவை.

ஆயினும், உண்மையை மறைத்தலாகாது. இன்பம் ஒருபுறமிருக்க, இடர்ப்பாடும் இருந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு அந்த அறையில் இரவு பத்து மணிக்குமேல் விளக்கெரிக்க வழியில்லை. அப்பாயியின் இருமலும் தம்பியின் உளறலும் அவளைக் குழப்பின. தன் அறைக்குத் திரும்பி, வியர்வையில் கொப்பி நனையப் படித்தாள். குடும்பம் ஓரறையில் கூடுவது நமக்கு இனிமையாயிருக்கலாம். படிக்கும் பிள்ளைக்குத் தனியறை வேண்டுமென்றுதானே அம்மா அந்நாளில் கனவு கண்டார்? ஆகவே, 2025ஆம் ஆண்டின் வெய்யிலுக்கு முன்னரே அவளுடைய அறைக்கும் ஒற்றைப் பெட்டி ஒன்று வாங்கினோம். முதலாவதை அசைக்காமல், சுவரைப் பெயர்க்காமல் அவ்வாறு ஒன்றைச் சேர்க்க முடிந்தது தனிப்பெட்டி முறையின் நன்மையே. சீலிங் அடித்த மூன்றாம் அறைக்கு இன்றளவும் மின்விசிறி போதுகின்றது.

பொறிக்கு முன்னே கட்டடத்தைக் கவனித்தல் வேண்டும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சான்றுண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வகுத்து, 1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காண்டலம விடுதியின் நீண்ட நடைவழிகள் திறந்தே இருக்கின்றன. பாறையும் செடிகொடிகளுமே அவற்றுக்கு நிழலும் தண்மையும் தருகின்றன. காற்றோடும் இடத்தைத் திறந்து வையுங்கள். குளிரூட்டும் அறையை இறுக மூடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

வாசக அன்பர்களே! பெட்டி வாங்கச் செல்லுமுன் நான்கு கேள்விகளை வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் எத்தனை அறைகளில் ஆட்கள் உறங்குகின்றார்கள்? வெளிப்பெட்டிகளுக்கு எத்தனை இடங்கள் உண்டு? பழுதானால் பார்க்க வல்லவர் ஊரில் உண்டா? மாதக் கட்டணத்தைச் செலுத்துபவர் யார்? இவற்றுக்கு விடை கிடைத்தால், எந்த வகை என்பது தானே தெளிவாகும்.

சென்ற விடுமுறையில் தம்பி வந்திருந்தான். அவனுக்கென மூன்றாம் அறையில் கட்டில் விரித்திருந்தோம். நள்ளிரவில் எழுந்து பார்த்தபோது கட்டில் வெறுமையாயிருந்தது. அம்மாவின் கட்டிலுக்குக் கீழே, வெறும் பாயில், கால்களை மடக்கிக்கொண்டு அவன் உறங்கிக்கொண்டிருந்தான். நான் கதவை ஓசையின்றிச் சாத்தி, துணிச்சுருளைச் சரியாக வைத்துவிட்டுத் திரும்பினேன்.