எதுக்கெல்லாம் லைன் வேணும்?

அந்த வீட்டில் கரண்ட் போனால் முதலில் தெரிந்துகொள்பவர் பெரியவர்தான். பக்கவாதம் வந்து படுத்து எட்டு மாதம் ஆகிறது. பேச்சு இல்லை. அவருக்குக் கீழே ஏர் பெட். கட்டில் காலடியில் மாட்டியிருக்கும் சின்ன பம்ப் முனகிக்கொண்டே ஒரு வரிசைக் குமிழ்களில் காற்றை ஏற்றும்; சில நிமிஷத்தில் அதை இறக்கிவிட்டு அடுத்த வரிசையை ஏற்றும். உடம்பின் கனம் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாது என்பதற்காக. அந்த முனகல் நின்றால் போதும், ஃபேன் இறக்கை ஓடி ஓய்வதற்குள் அவர் கண் திறந்துவிடும்.

இன்று காலையும் அப்படித்தான். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அக்கா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தார். இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் புண் ஆறிய வடு. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பனையோலை விசிறியை எடுத்தார். நான் பக்கத்து வீட்டு ஆள். பார்த்துவிட்டுப் போக வந்தவன், முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு யூபிஎஸ் வந்து இறங்கியது. மன்னார்குடியில் எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் என்று சொல்பவர் குறைவு. பெட்டி, பேட்டரி எல்லாம் சேர்த்து யூபிஎஸ்தான். 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்குக் குறையாது. எலக்ட்ரீஷியனும் கூட வந்த பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாயாமல், ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். உள்ளே ஆசிட்.

“மாடிப்படிக்குக் கீழ கதவு போட்ட எடம் இருக்கு தம்பி. அதுல வச்சிடலாமா?”

“வேணாங்க்கா. சார்ஜ் ஏறுறப்ப கேஸ் வரும். அடைச்ச எடத்துல வைக்கக் கூடாது. சாமி வெளக்குப் பக்கமும் வேணாம்.”

வருகிற கேஸ் ஹைட்ரஜன். தீப்பொறி பட்டால் வெடிக்கும். எலக்ட்ரீஷியன் அதை விளக்கிப் பயமுறுத்தவில்லை. நடையில் ஜன்னலுக்குக் கீழே டிராலியைத் தள்ளி நிறுத்தினான். பிறகு சுவிட்ச் போர்டைக் கழற்றி, ஒயர்களை வெளியே இழுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டான்.

“எதுக்கெல்லாம் லைன் வேணுங்க்கா?”

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. அவன் அட்டைப்பெட்டியின் மேல் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினான். 12 வோல்ட், 150 ஏஹெச், பெருக்கினால் 1800. சேதாரம் போகக் கையில் நிற்பது அதைவிடக் குறைவு. பழைய ஃபேன் ஒன்றுக்கு 75 வாட். எல்ஈடி டியூப் லைட்டுக்கு 20. பம்புக்குப் பத்துகூட வராது. “அய்யா ரூம் மட்டும்னா ராத்திரி பூரா தாங்கும். வீடு பூரா போட்டா மூணு மணி நேரம்.”

அக்கா கட்டிலைப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். “ஃப்ரிட்ஜ் வேணாம். மிக்ஸி வேணாம்.” நிலைப்படியில் சாய்ந்திருந்த மகன் மெதுவாக, “டிவிம்மா?” என்றான். “வேணாம். நீ படிக்கிற டேபிள் மேல ஒரு லைட்டு.”

“ஒங்க ரூமுக்குக்கா?”

“நான் அப்பா கட்டிலடியிலதானப்பா படுக்குறேன்.”

அவன் குறித்துக்கொண்டான். ஒயர் சுருளைப் பிரிக்கப் போனபோது அக்கா மறுபடி கூப்பிட்டார். “வாசத் திண்ணையில ஒரு பிளக் பாயிண்ட் வச்சுடு. போன் சார்ஜ் போடுற மாதிரி.”

எனக்கு மட்டும் அது எதற்கென்று தெரியும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவில் கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்துவிட்டன. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்து போன் சார்ஜ் போட்டுக்கொண்டோம். அந்த வரிசையில் எனக்கு முன்னால் அக்கா நின்றிருந்தார். அவர் முறை வந்தபோது டீசல் தீர்ந்துவிட்டது. அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து தங்கை கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள் என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் திண்ணையில் எத்தனை பேர் வந்து உட்காரப்போகிறார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இபி லைனையும் யூபிஎஸ் லைனையும் பிரிக்கவே மதியம் ஆகிவிட்டது. பழைய வீடு, எந்த ஒயர் எங்கே போகிறது என்று டெஸ்டரை வைத்துத் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் பேட்டரி முனைகளில் சிவப்பும் கறுப்பும். ஸ்பேனர் பட்ட இடத்தில் ‘பளிச்’சென ஒரு பொறி; பையன் கையை இழுத்துக்கொண்டான். “மொதத் தடவ அப்படித்தான்டா வரும்.” எலக்ட்ரீஷியன் நட்டை முடுக்கி, மேலே வாஸ்லினை விரலால் வழித்துத் தடவினான். பூக்காமல் இருக்க. ஆறு மூடிகளில் ஆறு மிதவைகள். “இது செகப்புக்கு எறங்குனா டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. கொழாத் தண்ணியும் வேணாம், ஆர்ஓ தண்ணியும் வேணாம்.” அக்கா ஆறையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். மருந்துச் சீட்டைப் படிக்கிற முகம்.

“இன்னைக்கு ராத்திரி பூரா சார்ஜ் ஏறட்டும். இப்ப ஒரு நிமிஷம் மட்டும் பாத்துக்குவோம்.”

அதற்குள் கரண்ட் வந்திருந்தது. அவன் மெயினை இறக்கினான். அடுப்படியில் ஃப்ரிட்ஜ் நடுங்கி அடங்கியது. நடையிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். அக்கா, மகன், எலக்ட்ரீஷியன், உதவிக்கு வந்தவன், நாலு பேரும் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்கள். அக்கா கையில் விசிறி இருந்தது.

நான் கட்டிலைப் பார்த்தேன். பம்ப் முனகிக்கொண்டிருந்தது. பெரியவர் கண் திறக்கவில்லை.