கல்லைப் பார்க்கப் போகிறோம்

"கல்லைப் பார்க்க அவ்ளோ தூரமா? ஈப்போவுல இல்லாத கல்லா?" என்று கேட்டுவிட்டு அப்பா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வரவில்லை. கோழிகளை யார் பார்ப்பது என்பது அவர் சொன்ன காரணம். ஆக, வரும் அக்டோபரில் அம்மாவும் நானும் மட்டும்.

அக்கா சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறாள். அங்கிருந்து தென்கிழக்கே காரில் நாலு மணி நேரம் போனால் மோவாப் என்ற சின்ன ஊர். அதை ஒட்டி ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. 2000-க்கும் அதிகமான பாறை வளைவுகள் அங்கே இருக்கின்றன. ஏதாவது ஒரு பக்கம் மூன்றடித் திறப்பு இருந்தாலே கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாம், அதனால்தான் இவ்வளவு. அம்மாவுக்கு அதில் ஒன்றுதான் தெரியும். அக்கா எப்போதோ அனுப்பிய காலண்டரில் டெலிகேட் ஆர்ச் படம் இருந்தது. வருடம் முடிந்தும் அந்தக் காலண்டர் எங்கள் சமையலறைச் சுவரை விட்டு இறங்கவில்லை. மாதம்கூட மாறவில்லை.

நான் சரிவு வேலை பார்க்கிறவன். ஸ்கூடாயில் படித்து முடித்ததிலிருந்து சாலையோரம் வெட்டிய மலைகள் சரியாமல் இருக்குமா என்று கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. எதைத் தொட்டாலும் முதலில் எக்செல் திறப்பேன். இதற்கும் திறந்தேன். பாதை, நீளம், ஏற்றம், நிழல், தண்ணீர், கழிப்பறை என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு 'அம்மா' என்று தலைப்பு. அதில் 'முடியும்', 'முடியாது' என்று நானே எழுதினேன்.

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுத்தபோது முட்டி தேய்ந்திருப்பது தெரிந்தது. அந்த இரவு கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததிலிருந்து நான் அவருக்கும் சேஃப்டி ஃபேக்டர் போட ஆரம்பித்துவிட்டேன். சரிவுக்கு 1.5 போதும். அம்மாவுக்கு மூன்று, நான்கு என்று போய்க்கொண்டிருந்தது.

பாலைவனம் பற்றி நான் பயந்ததெல்லாம் வெறும் பயம் இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊர். கோடையில் 38 டிகிரியைத் தாண்டும், அதனால்தான் அக்டோபர். அக்டோபரில் பகல் 23 டிகிரி போல இருக்கும். இரவில் ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கிவிடும். பூங்காவின் தாழ்வான இடமே 1200 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய நம் கேமரன் மலை மாதிரி. ஆனால் கேமரன் ஈரம் கிடையாது. நமக்கு வியர்த்தால் சட்டை நனையும், உடனே தெரிந்துவிடும். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துபோகும். தண்ணீர் குறைவது உடம்புக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்கிறார்கள். உள்ளே சாப்பாட்டுக் கடை எதுவும் இல்லை. மாமாக் கடைக்குப் பழகிய நமக்கு இதுதான் பெரிய ஆபத்து என்று அக்கா சிரித்தாள்.

கணக்குப் போட்டு நான் எடுத்த முடிவு இதுதான். முதல் நாள் விண்டோஸ் பகுதி, சின்னச் சின்ன நடை. பிறகு லேண்ட்ஸ்கேப் ஆர்ச், போக வர மூன்று கிலோமீட்டர், பெரும்பாலும் கெட்டியான சரளைப் பாதை. டெலிகேட் ஆர்ச்சுக்கு நடந்தால் போக வர ஐந்து கிலோமீட்டர், 146 மீட்டர் ஏற்றம், வெறும் பாறை, நிழலே இல்லை, கடைசியில் பாறை விளிம்பை ஒட்டிய பாதை. வேண்டாம். அதற்கு மாற்றாகக் கீழே ஒரு பார்வை இடம் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. அங்கிருந்து ஒரு மைல் தூரத்தில் வளைவு தெரியும்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவிடம் மடிக்கணினியில் காட்டினேன், ஏதோ வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல.

"மைல் தூரத்துல இருந்து பாக்குறதுக்கு இந்தா காலண்டர்லயே இருக்கே" என்றார்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிக் கட்டத்தைப் படித்தார். "முட்டி எனக்கு. பட்டியல் உனக்கா? என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

கேட்கவில்லை. முப்பது வயது வரை அம்மா பால்மரம் சீவியவர். விடியுமுன் இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நிரை நிரையாக நடந்து, பிறகு தோளில் கம்பும் இரண்டு பக்கமும் பால் வாளியுமாக இறங்கியவர். இது எனக்குத் தெரியாதது இல்லை. கட்டத்தில் போடவில்லை, அவ்வளவுதான்.

பேச்சை மாற்ற அந்த வளைவுகள் எப்படி உண்டாகின என்று சொல்ல ஆரம்பித்தேன். அடியில் பழைய கடல் விட்டுப்போன உப்புப் படுகை. மேலே பாறையின் பாரம் ஏற ஏற உப்பு பிதுங்கி நகர்ந்திருக்கிறது, மேல் பாறை வரிசை வரிசையாக விரிசல் விட்டிருக்கிறது. மணல் துகள்களை ஒட்டவைக்கும் சுண்ணத்தை மழைநீர் கரைக்கிறது. ஈப்போ குன்றுகளைக் குடைந்த அதே வேலைதான். ஆக, அப்பா கேட்டது அத்தனை அபத்தமான கேள்வி இல்லை. கூடவே குளிர்காலத்தில் விரிசலுக்குள் தண்ணீர் உறைந்து பிளக்கும், அது நம்மிடம் இல்லை.

"அப்ப விழாதா?" என்றார் அம்மா.

விழும். 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் வால் ஆர்ச் மொத்தமாக இடிந்தது. 1991-இல் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து 18 மீட்டர் நீளப் பாளம் விழுந்தது. அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் வெடிக்கும் சத்தம் கேட்டு விலகிவிட்டார்கள். 1995-இலும் கொஞ்சம் விழவே, அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். 93 மீட்டர் அகலத்துக்கு ஒல்லியாக நிற்கும் கல் அது. என் அலுவலகத்தில் இந்த வரைபடத்தை நீட்டினால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

"ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலம்மா."

"சரி. அப்ப நடந்து பாத்துருவோம். இங்கயே."

அடுத்த சனிக்கிழமை எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கிற குன்றில் ஒத்திகை. முதுகில் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஏறும்போது அம்மா ஒரே சீராக நடந்தார், வேகமும் இல்லை, நிற்கவும் இல்லை. நான்தான் இரண்டு இடத்தில் நின்று போன் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கினேன். அவர் கவனிக்காத மாதிரி இருந்தார்.

இறங்கும்போதுதான் முட்டி பிடித்துக்கொண்டது. பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து இருபது நிமிடம் தேய்த்துக்கொண்டிருந்தார். என் பயம் சரிதான் என்று ஒரு நொடி எனக்குள் திருப்தி எழுந்தது. அதற்கு வெட்கப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முட்டியில் தைலம் பூசிக்கொண்டே, "அந்தக் கட்டத்தை எடு" என்றார். எடுத்தேன்.

"ஏறுறது மட்டும்தான் போட்டிருக்க. எறங்குறது எங்க?"

இல்லை. எல்லாப் பாதைக்கும் ஏற்றம் எத்தனை மீட்டர் என்று மட்டும் எழுதியிருந்தேன். சரிவு வேலை பார்க்கிறவன்.

புதிய கட்டம் போட்டேன். கைத்தடி இரண்டு சேர்த்தோம். டெலிகேட் ஆர்ச் இப்போது இரண்டாம் நாள், விடியற்காலை. வெறும் பாறை ஏற்றம் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும், மேலே போவதா திரும்புவதா என்று அம்மா சொல்வார். நான் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. 'அம்மா' கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இறங்க ஒன்றரை மணி நேரம் என்று எழுதினேன். எட்டிப் பார்த்தார்.

"மூணு போடு. நின்னு நின்னு பாத்துட்டுதான் வருவேன்."