ஒரு பெயரும் ஒரு கடவுச்சீட்டும்

அமெரிக்கக் கூடைப்பந்து நேரலை வர்ணனையாளர்களின் நாவைத் தொடக்கக் காலத்தில் பெரிதும் தடுமாறச் செய்த பெயர் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளை அப்படியே கூட்டிப் படித்தால் அது 'அன்டெடோகௌன்ம்போ' என்று ஒலிக்கும். மில்வாக்கி பக்ஸ் அணிக்கு 2021-இல் வாகையர் பட்டம் பெற்றுத்தந்த கிரேக்க வீரர் யானிஸின் குடும்பப்பெயர் அது. ஆனால் அவருடைய தந்தையின் மொழியில் அப்படியொரு பெயரே இல்லை. அங்கு அது 'அடெட்டோகுன்போ'. இவ்விரு வடிவங்களுக்கும் இடையிலான தொலைவில்தான் அவருடைய வாழ்க்கையின் முதற்பாதி அடங்கியிருக்கிறது.

அடெட்டோகுன்போ என்பது நைஜீரியாவின் யொருபா மக்கள் வழங்கும் பெயர். 'கடல் கடந்து திரும்பி வந்த மகுடம்' என்பது அதன் பொருள். அயல்நாட்டில் பிறந்து தாயகம் திரும்பும் பிள்ளைக்கு 'டோகுன்போ' எனப் பெயரிடுவது அவர்கள் மரபு. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து, கப்பலேறி லாகோஸ் துறைமுகத்தில் வந்திறங்கும் பழைய கார்களையும் நைஜீரியர்கள் இதே சொல்லால் குறிப்பர். மகுடத்துக்கும் பழைய வண்டிக்கும் பொதுவாக இருப்பது கடற்பயணம் ஒன்றே.

இப்பெயர் ஏதென்ஸ் நகரின் அலுவலகமொன்றில் எழுதப்பட்டபோது ஓர் எழுத்துச் சிக்கல் எழுந்தது. இன்றைய கிரேக்கத்தில் 'டெல்டா' எழுத்து, தமிழில் 'அது', 'இது' எனும்போது வரும் தகரத்தின் மெல்லிய உரசொலியையே தருகிறது. 'பீட்டா'வோ வகர ஒலியாகிவிட்டது. ஆகவே அயற்சொற்களில் வரும் 'ட', 'ப' ஆகியவற்றின் அதிர்வொலிகளை எழுத, கிரேக்கர்கள் மெல்லெழுத்தையும் வல்லெழுத்தையும் இணைத்து இரட்டை எழுத்தாக்குகின்றனர். நியூவும் டௌவும் சேர்ந்தால் ஓர் ஒலி. மியூவும் பையும் சேர்ந்தால் மற்றொன்று.

தமிழ் அறிந்தவர்க்கு இம்முறை அந்நியமானதன்று. 'பம்பரம்' என்ற சொல்லின் முதற்பகரமும் இரண்டாம் பகரமும் ஒரே எழுத்தாயினும் ஒலியில் வேறானவை. மகர மெய்யை அடுத்து வருவதால் இரண்டாவது அதிர்ந்து ஒலிக்கிறது. தனியெழுத்து இல்லாத ஒலியை மெல்லெழுத்தின் துணையோடு காட்டும் இவ்வழி, இரு மொழிகளும் தத்தம் போக்கில் கண்டடைந்தது.

கிரேக்க மொழிக்குள் இருக்கும்வரை அப்பெயருக்குச் சேதமில்லை; கிரேக்கர் ஒருவர் அதைப் படித்தால் மூல ஒலிக்கு மிக அருகில் வந்துவிடுவார். ஆனால் கடவுச்சீட்டில் பெயர் உரோமன் எழுத்துக்கு மாறும்போது, ஒலியைப் பாராமல் எழுத்துக்கு எழுத்து வைக்கப்பட்டது. இரட்டை எழுத்துகள் யாவும் பிரிந்து தனித்தனியே நின்றன. யொருபாவிலும் இல்லாத, கிரேக்கர் வாயிலும் வராத புதுவடிவம் ஒன்று பிறந்தது. உலகம் அவரை அறிந்தது அந்த வடிவில்தான்.

எழுத்து மாறியது சிறு செய்தி. அப்பெயரைத் தாங்கும் கடவுச்சீட்டு ஒன்று அவருக்குக் கிடைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின என்பதே பெருஞ்செய்தி.

அவருடைய பெற்றோர் சார்லஸும் வெரோனிகாவும் 1991-இல் லாகோஸிலிருந்து ஏதென்ஸுக்குக் குடிபெயர்ந்தவர்கள். மூத்த மகனைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தனர். 1994 டிசம்பர் 6 அன்று யானிஸ் பிறந்தார். கிரேக்கக் குடியுரிமை பிறந்த மண்ணால் அமைவதன்று, குருதி வழியே வருவது. எனவே ஏதென்ஸில் பிறந்து, ஏதென்ஸ் பள்ளியில் பயின்று, கிரேக்க மொழியிலேயே சிந்தித்து வளர்ந்த சிறுவன் சட்டத்தின் பார்வையில் எந்நாட்டவனும் அல்லன். பெற்றோர் எந்நாளும் நாடுகடத்தப்படலாம் என்ற அச்சம் செபோலியா பகுதியின் அந்தச் சிறு வீட்டில் நீங்காமல் இருந்தது. பிள்ளைகள் தெருக்களிலும் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களிலும் கைக்கடிகாரம், கறுப்புக் கண்ணாடி, கைப்பை ஆகியவற்றைக் கூவி விற்றனர்.

2007-இல் ஸ்பைரோஸ் வெல்லினியாடிஸ் என்ற பயிற்சியாளரின் கண்ணில் இச்சகோதரர்கள் பட்டனர். அதுவரை யானிஸின் விருப்பம் கால்பந்து. சோக்ராஃபு பகுதியின் ஃபிலாத்லிடிகோஸ் என்ற சிறு சங்கத்தில் அவர் கூடைப்பந்து ஆடத் தொடங்கினார். அவரும் அண்ணன் தனாசிஸும் ஒரே இணைக் காலணியை மாறி மாறி அணிந்து ஆடினர். 2012-13 பருவத்தில் அச்சங்கம் ஆடியது கிரேக்கத்தின் இரண்டாம் நிலைப் பிரிவில்தான். அந்தச் சிறிய அரங்குக்கு அமெரிக்க அணிகளின் தேர்வாளர்கள் வரத் தொடங்கினர்.

இங்கே இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். குடியேறியவர்களின் பிள்ளைகள் குடியுரிமை பெற வழிசெய்த 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளை, அரசமைப்புக்கு முரணானவை என்று கிரேக்கத்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2013 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் யானிஸுக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு முன் கதவு மூடப்பட்ட மூன்றாம் மாதத்தில் ஒருவருக்கு மட்டும் அது திறந்தது. ஜூன் 27 அன்று நியூயார்க்கில் மில்வாக்கி அணி அவரைப் பதினைந்தாவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் பிரதமரே அவரை வரவேற்றார். 'தங்க விடியல்' என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் தலைவர் அவரை விலங்கோடு ஒப்பிட்டு இழிவுபடுத்தினார். அந்தக் கட்சி ஒரு குற்றக் கும்பல் என்று 2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மில்வாக்கியில் முதற்பருவத்தில் அவர் எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரியாக 6.8 புள்ளிகளே. ஒருநாள் கையிலிருந்த பணம் முழுவதையும் குடும்பத்துக்கு அனுப்பிவிட்டு, வாடகைக் காருக்கும் காசின்றிக் கடுங்குளிரில் அரங்கை நோக்கி ஓடினார். வழியில் கண்ட தம்பதியர் தம் காரில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டனர். அணியின் உடற்பயிற்சியால் தோள் அகன்றது. உயரம் 6 அடி 11 அங்குலமாயிற்று. 2017 செப்டம்பரில் தந்தை சார்லஸ் மாரடைப்பால் காலமானார். 2019-இலும் 2020-இலும் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதை மகன் பெற்றதைக் காண அவர் இல்லை.

எனினும் அவருடைய ஆட்டத்தில் ஒரு குறை எல்லோரும் அறிந்ததாக இருந்தது: தடையற்ற எறிதலில் பந்து வளையத்துள் விழாமல் நழுவும். எறிய எடுத்துக்கொள்ளும் நேரமும் மிகுதி. 2021 இறுதிச்சுற்றுகளில் எதிரணி அரங்கத்தினர் ஒன்று முதல் பத்துவரை உரக்க எண்ணி அவரை எள்ளினர். அரையிறுதிக்கு நிகரான சுற்றில் அட்லாண்டாவுக்கு எதிராக ஆடும்போது இடது முழங்கால் பின்னோக்கி மடங்கியது; அவ்வாண்டு இனி ஆடமாட்டார் என்றே பலர் கருதினர். இரண்டு ஆட்டங்களை இழந்து மீண்டும் வந்தார். ஜூலை 20 அன்று ஃபீனிக்ஸ் அணிக்கு எதிரான ஆறாம் ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். அன்று எறிந்த 19 தடையற்ற எறிதல்களில் 17 வளையத்துள் விழுந்தன. 105-98 என்று வென்ற மில்வாக்கிக்கு அது 1971-க்குப் பின் கிடைத்த முதற்பட்டம்.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சேன் ஆற்றில் சென்ற கிரேக்க அணியின் கொடியை ஏந்திய இருவருள் அவர் ஒருவர். 2025 செப்டம்பரில் ரீகா நகரில் பின்லாந்தை 92-89 என்று வீழ்த்திக் கிரேக்கம் ஐரோப்பிய வெண்கலம் வென்றது. 2009-க்குப் பின் அந்நாட்டுக்குக் கிட்டிய முதற்பதக்கம் அது. பட்டங்கள் பல பெற்ற அவர் அன்று குழந்தையைப்போல் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் பலர்.

அவருடைய வெற்றியைச் சொல்வோர் வழக்கமாக உழைப்பைச் சொல்வர். தாயையும் தந்தையையும் சொல்வர். அவை பொய்யல்ல. ஆனால் அதே செபோலியாவில், அதே பள்ளியில், அதே மொழியில் வளர்ந்த பிற பிள்ளைகள் குடியுரிமைக்கு வழிகாண 2015-இல் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. பள்ளிப்படிப்பையும் வசித்த ஆண்டுகளையும் சான்றாகக் காட்ட வேண்டிய வழி அது. அவர்கள் செவிலியராகவோ ஓட்டுநராகவோ தச்சராகவோ ஆகியிருக்கக்கூடும். வளையத்தை எட்டும் கைகள் அவர்களுக்கு இல்லை. அவர்கள் பெயரை எழுதுவதற்கு எந்த அலுவலரும் விரைந்து தாளை எடுக்கவில்லை.

செபோலியாவின் கூடைப்பந்துத் திடலில் இன்று சிறுவர் ஆடும் தரையில் யானிஸின் பேருருவம் தீட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்கத் தொடரில் ஆடிய நான்கு சகோதரர்களின் முதுகிலும் அந்தத் திரிந்த எழுத்துகளே இருந்தன. பெயரைப் பிழையாக எழுதிய நாடு, நெடுங்காலம் அதை எழுதவே மறுத்த நாடும்கூட. அந்தப் பெயரை ஒலிக்கத் தெரியாத அமெரிக்கர்கள் பயின்று கற்றுக்கொண்டனர். கிரேக்கர்களுக்கு ஒலிப்பில் ஒருநாளும் சிக்கல் இருந்ததில்லை; குடிமக்கள் பதிவேட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்குவதுதான் அவர்களுக்கு அத்தனை அரிதாக இருந்தது.